பதினான்கு ஆணிகள்

வேலூர்க் கொசப்பேட்டையில் நாங்கள் முதன்முதலாகக் குடியிருந்த வீட்டைக் காலி செய்த அன்று, சாமானெல்லாம் மினி லாரியில் ஏறிய பிறகு வீட்டுக்கார அம்மா உள்ளே வந்தார். காலியான கூடத்தில் சுவரோரமாக மெதுவாக நடந்தார். ஆணி பிடுங்கிய ஒவ்வொரு இடத்திலும் சுண்டுவிரல் நுனியை வைத்து எண்ணினார்.

“இது எட்டு. தோ இங்க ஒண்ணு கீது பாரு, ஒம்போது.”

சமையலறைக்குள் போய், அங்கே ஐந்து. மொத்தம் பதினான்கு. “நீங்க வரும்போ செவுரு கண்ணாடி மாதிரி இருந்துச்சு தம்பி” என்றார். கோபமே இல்லை, வருத்தம்தான் தெரிந்தது. அதுதான் என் வாயை அடைத்தது.

வாடகை 1,800 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாதம், 18,000. மூன்று வருடம் இருந்தோம். சுண்ணாம்பு அடிக்க ஒரு மாத வாடகை 1,800, ஆணி ஒன்றுக்கு 50 வீதம் 700, ‘மோட்டாரை ரொம்ப ஓட்டினதுக்கு’ 1,000. கைக்கு வந்தது 14,500. அதிலும் பத்தாயிரம் அன்றைக்கு, மீதி ‘அடுத்த குடித்தனக்காரர் வந்ததும்’. அந்த மீதிக்காக நான் நாலு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன்.

இதில் எனக்கு உறுத்துவது பணம் இல்லை. அந்தப் பதினான்கில் நான் அடித்தது மூன்றே மூன்று. ஒன்று காலண்டருக்கு, ஒன்று கடிகாரத்துக்கு, ஒன்று அப்பாவின் படத்துக்கு. சமையலறை ஆணி ஐந்தும் எங்களுக்கு முந்தியவை; சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துப் போயிருந்தன. ஆனால் அதை எப்படிச் சொல்வது? குடிவந்த அன்று அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்து எடுத்து வந்தார். “நம்ம வீடு மாதிரி நெனச்சிக்குங்க” என்றார். அப்படிச் சொன்ன மனுஷியின் எதிரில் நின்று சுவரில் ஆணியை எண்ண முடியுமா? கூச்சம். போளூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு, வாடகைக்கு வீடு கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது.

அந்த வீட்டுக்கு அப்புறம் நாலு வீடு மாறியிருக்கிறேன். தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை, விருதம்பட்டு, சத்துவாச்சாரி. இப்போது சத்துவாச்சாரியிலேயே சின்னதாக ஒரு வீடு கட்டி, மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சாவி வாங்கும் நாளில் கூச்சப்பட்டுப் பேசாமல் விட்டதெல்லாம் சாவி கொடுக்கும் நாளில் அட்வான்ஸிலிருந்து கழிகிறது. வாடகைச் சண்டைகளில் கெட்ட எண்ணத்தால் வந்தவை குறைச்சல். முதல் நாள் பேசாமல் விட்டதால் வந்தவைதான் அதிகம்.

அந்தக் காலத்தில் எனக்குத் தெரியாத ஒரு வேடிக்கை உண்டு. அப்போது நடப்பில் இருந்தது 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அந்தச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கவே கூடாது. ஊர் முழுக்கப் பத்து மாதம் வாங்கிக்கொண்டிருந்தது. வாங்கியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. தெரிந்தவர்களோ, வழக்கு என்று போனால் பத்து வருடம் ஆகும் என்பதும் தெரிந்தவர்கள்.

இப்போது அந்தச் சட்டம் இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்த அதே வருடம். மாவட்டம் பிரிந்தது எல்லோருக்கும் தெரியும். இந்தச் சட்டம் வந்தது எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

புதுச் சட்டம் சொல்லும் அட்வான்ஸ் அளவு மூன்று மாத வாடகை. காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த குடித்தனக்காரர் வரும்வரை என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. என் சுண்ணாம்புக் கணக்குக்கும் அதில் பதில் இருக்கிறது. யார் எதைப் பழுது பார்ப்பது என்று சட்டத்தின் பின்னிணைப்பாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் லைன் மாற்றுவது, ஒயரிங் இதெல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், ஸ்விட்ச், பிளக் பாயின்ட், அடைத்துக்கொண்ட சாக்கடை, கழிவறைத் தொட்டி, வாஷ்பேசின், தாழ்ப்பாள், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, கொசுவலை இதெல்லாம் குடியிருப்பவர் தலையில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது தனி. ஆக, அந்த 1,800 ரூபாய் இன்றைய கணக்கில் வீட்டுக்கார அம்மாவின் செலவு. ஆணிக்கு மட்டும் பட்டியலில் இடமில்லை. நாம் சுவரில் செய்த சேதத்துக்கு நாம்தான் பொறுப்பு. ஆனால் எது நாம் செய்தது?

இதற்கு விடை எனக்கு ஒரு வங்காளியிடமிருந்து கிடைத்தது.

நான் மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வேலூரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பாதிப் பெயர்ப்பலகை வங்காளத்தில் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்கண்ட், அஸ்ஸாம், திரிபுரா, பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஒரு வாரத்துக்கு வந்து மூன்று மாதம் தங்குவார்கள். லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் சமைத்துச் சாப்பிட ஒரு அறை, ஒரு அடுப்பு கிடைத்தால் போதுமென்று தெருத் தெருவாகத் தேடுவார்கள். அப்படி அப்பாவின் சிகிச்சைக்கு வந்தவர் அவர். பாங்குரா பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். கடைக்கு மருந்து வாங்க வந்து, எனக்கு உடைந்த இந்தி தெரியும் என்று கண்டுபிடித்து, “தாதா, தாதா” என்று ஒட்டிக்கொண்டார். அவர்கள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தம். நம்மூரில் அந்தப் பட்டம் யாருக்குக் கொடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கடைப் பையன்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

வேலூர்ச் சைதாப்பேட்டையில் ஒரு வீடு. பேச்சுத் துணைக்கு நான் போனேன். வாடகை பேசி முடித்ததும் நான் கிளம்பத் தயாரானேன். அவர் கிளம்பவில்லை. செல்போனை எடுத்தார். வாசல் கதவிலிருந்து ஆரம்பித்து வீடியோ எடுத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு குழாயையும் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டு மூடினார். கழிவறையில் தண்ணீரை ஊற்றிப் போகிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டுப் பார்த்தார். குளியலறைக் கூரையில் பழுப்பாக ஒரு ஈரக்கறை இருந்தது. அதன் கீழே நின்று, என்னைப் பார்த்து, “அவரைக் கேளுங்கள் தாதா, மழைக்கு ஒழுகுமா?” என்றார். கரண்ட் மீட்டர் முன்னால் நின்று எண் தெரிகிற மாதிரி ஒரு படம். எல்லாம் முடிந்ததும் அத்தனையையும் அங்கேயே வீட்டுக்காரர் வாட்ஸாப்புக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், வீடே இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, “விவரமான ஆளா கீறாரே சார். வீட்ட நல்லா வெச்சுக்குவாரு” என்றார். மூன்று மாதம் கழித்து அவர்கள் கிளம்பிய அன்று பத்து நிமிடத்தில் கணக்கு முடிந்தது. ‘கிளீனிங் சார்ஜ்’ என்று 500 கேட்டார் வீட்டுக்காரர். வாத்தியார் போனைத் தேடினார். உடனே வீட்டுக்காரர், “சரி வுடுங்க” என்றார்.

பாஷை தெரியாத ஊரில், ஆஸ்பத்திரியில் அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு வந்தவருக்கு இருந்த தெளிவு, இந்தப் பக்கத்திலேயே பிறந்த எனக்கு இல்லை. தெரிந்தவர்கள் என்ற நினைப்புதான் நமக்குத் தொந்தரவு. “அவங்க நம்ம ஆளுங்க, இதெல்லாம் கேட்டா தப்பா நெனப்பாங்க.” ஒன்றும் நினைக்கமாட்டார்கள். அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். ஆணி, விரிசல், கறை, மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ‘பார்த்தேன்’ என்று ஒரு வார்த்தை பதில் வந்தால் போதும்.

பங்களாதேஷ் போன்ற வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இடம் கொடுக்கும் வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்ற விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2025 வரை இதற்குச் ‘சி’ படிவம் என்று பெயர். லாட்ஜ் மட்டுமல்ல, வீடானாலும் அப்படித்தான்.

அடுத்தது ஒப்பந்தம். “பதினோரு மாச அக்ரிமென்ட் தானே, பதிவெல்லாம் வேணாம்” என்று புரோக்கரும் சொல்வார், வீட்டுக்காரரும் சொல்வார். பதினோரு மாதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அதுவரை சரி. ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது வேறு. பதினோரு மாதமோ பதினோரு வருடமோ, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். டெபுடி கலெக்டர் தகுதிக்குக் குறையாத ஒருவர்தான் அந்த அதிகாரி. அரசு இணையதளத்தில் விண்ணப்பித்தால் ஒரு பதிவு எண் வரும். சார்பதிவாளர் வேறு, இவர் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் செய்வதில்லை. அட்வான்ஸ் தகராறோ தண்ணீர்த் தகராறோ வந்து அதிகாரி முன்னால் நிற்கும்போது, பதியாத காகிதத்தோடு போனால் பேச்சு முதலிலேயே தடுமாறும்.

வீட்டுக்காரர்கள் ஏன் எழுதித் தரப் பயப்படுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்று வருமான வரி. வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கட்டுகிற மாதச் சம்பளக்காரர் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்டால், வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். இன்னொன்று, தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு பயம். “பன்னெண்டு வருஷம் இருந்துட்டா வீடு அவனுக்கே போயிடும்.” எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இதை நம்பி, எவ்வளவு நல்ல குடித்தனக்காரரானாலும் பத்தாவது வருடம் காலி செய்யச் சொல்லிவிடுவார். வாடகைதாரராக ஒத்துக்கொண்டு நுழைந்தவர், குடியிருக்கும் வரை, இவர் வீட்டுக்காரரே இல்லை என்று மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ள விதி. அந்தப் பன்னிரண்டு வருடக் கணக்கு அத்துமீறி அனுபவிக்கிறவர்களைப் பற்றியது. சொல்லப்போனால் எழுத்தில் ஒப்பந்தம் இருப்பதுதான் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு. அந்தப் பெரியவரிடம் இதை மூன்று தடவை சொல்லிவிட்டேன். தலையாட்டுவார். பத்தாவது வருடம் காலி செய்யச் சொல்லிவிடுவார்.

குடியிருக்கிறவருக்கும் அந்தக் காகிதம் இல்லாமல் முடியாது. ஆதாரில் முகவரி மாற்றவும் கேஸ் கனெக்‌ஷன் வாங்கவும் முதலில் கேட்பது அதைத்தான். வாடகைக்கு ரசீது கேட்பதும் உரிமை. இப்போது எல்லோரும் போனிலேயே அனுப்புகிறார்கள், அது பாதி ரசீது மாதிரி. அனுப்பும்போது ‘மே மாத வாடகை’ என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். வீட்டுக்காரர் சண்டை போட்டுக்கொண்டு வாடகையை வாங்க மறுத்தால், “வாங்கலன்னா போகட்டும்” என்று சும்மா இருக்கக் கூடாது. தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டிவிட வழி இருக்கிறது. வாடகை பாக்கி என்ற காரணம் நம் பக்கம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரண்ட் கதைக்கு வருகிறேன். தோட்டப்பாளையம் வீட்டில் கீழே வீட்டுக்காரர், மேலே நாங்கள். மீட்டர் ஒன்று. எங்களுக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் வைத்து, யூனிட் இவ்வளவு என்று வாங்குவார். இங்கே கணக்கு எப்படி வழுக்குகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். கீழ்வீட்டுக்கு 260, மேல்வீட்டுக்கு 280 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி மீட்டர் என்றால் இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கு 100 இலவசம், இரண்டும் 500க்கு வெகு கீழே. ஒரே மீட்டர் என்றால் 540. இலவசம் ஒரு தடவைதான், படியும் தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் ஏமாற்றவே வேண்டாம், பில் தானாக வீங்கும். வீங்கிய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்க வந்த பிறகுதாம்பா இப்படி” என்பார், அவர் சொல்வதும் உண்மைதான். வீடு பார்க்கப் போகும்போது அறை எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் மீட்டர் எத்தனை என்று கேளுங்கள்.

தண்ணீர் அதைவிடக் கஷ்டம். பாலாறு ஊரை ஒட்டியே படுத்திருக்கிறது, முக்கால்வாசி நாள் வெறும் மணல். காவிரித் தண்ணீர் மேட்டூரிலிருந்து குழாயில் வருகிற ஊர் இது. ஏப்ரல், மே மாத வேலூர் வெயிலில் போர் தண்ணீரும் இறங்கிவிடும். அப்போது மோட்டார் ஸ்விட்ச் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராஜா. காலை ஆறிலிருந்து ஆறரை வரை ஏற்றுவார்கள்; அதற்குள் டிரம், குடம், பக்கெட், சட்டி எல்லாம் நிறைய வேண்டும். ஒரு தடவை என் தங்கை குழந்தைகளோடு வந்து பத்து நாள் தங்கினாள். நாலாம் நாள் குழாயில் காற்று மட்டும் வந்தது. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால் தொட்டி தளும்புகிறது, எங்கள் லைனுக்குப் போகும் வால்வு மட்டும் மூடிக் கிடக்கிறது. கேட்டால், “நாலு பேருன்னு சொல்லித்தானே வந்தீங்க?”

அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். லாரித் தண்ணீருக்குக் காசு அவர் கொடுத்தார். ஆனால் வாடகை பாக்கியோ வாய்த்தகராறோ, எதற்காகவும் தண்ணீர், கரண்ட் போன்ற அத்தியாவசியத்தை நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. அதிகாரியிடம் போனால் உடனே திறந்துவிடச் சொல்லி உத்தரவு போடலாம், நிறுத்தியவருக்கு அபராதமும் விதிக்கலாம். நான் எங்கும் போகவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மாடியேறி நானே திறந்துவிட்டு, விடியற்காலை ஐந்துக்கு மூடிவைத்தேன். ஆறு நாள் இப்படி. தங்கை ஊருக்குப் போனதும் வால்வு தானாகத் திறந்துகொண்டது. இன்று வரை இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

போக்கியம் பற்றிச் சொல்லாமல் வேலூர் வாடகைக் கதை முடியாது. மாத வாடகை இல்லாமல் இரண்டு, மூன்று, ஐந்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து மூன்று வருடம் இருந்துவிட்டு, போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்வது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது சும்மா குடியிருப்பது மாதிரி இனிக்கும். என்னோடு வேலை செய்தவர் மூன்று லட்சம் கொடுத்து ஒரு வீட்டில் இருந்தார். பத்திரம் நோட்டரியிடம் கையெழுத்தானது. ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வீட்டின் மேல் கடன் இருந்தது, தவணை கட்டவில்லை. வங்கிக்காரரிடம் தன் காகிதத்தைக் காட்டினார். அவர் அதைப் படித்துப் பார்த்து மடித்து மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தாராம்.

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி, சொத்தை அனுபவித்துக்கொள்ளும் இந்த மாதிரி அடமானம் 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்கள், “அவ்ளோ நம்பிக்கை இல்லியா?” என்ற ஒரு கேள்விக்குப் பயந்து பதியாமல் விடுகிறார்கள். மறுபடியும் அதே கூச்சம். பணம் கொடுப்பதற்கு முன்னால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், பார்ப்பதற்குக் காசு கூட இல்லை. மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். “பேங்க் லாக்கர்ல இருக்குது” என்றால், லாக்கரிலா, லோனிலா என்று கேளுங்கள். அந்த நண்பருக்கு ஒன்றே கால் லட்சம் திரும்பி வந்தது. மீதியைப் பற்றி இப்போது அவர் பேசுவதில்லை.

இனி என் தப்பு. மாடிப் போர்ஷனுக்கு முதலில் வந்தவர்கள் ஒரு இளம் தம்பதி, அவர் காட்பாடியில் வேலை. வந்த ஐந்தாம் மாதம் மேல் குளியலறைக் குழாய் கசிந்து எங்கள் படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்கியது. பிளம்பர் மதியம் மூன்று மணிக்குத்தான் வருவேன் என்றார். அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து, என்னிடம் இருந்த மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தேன். உள்ளே அந்தப் பெண் ஜுரத்தோடு கூடத்தில் படுத்திருந்தாள். அலறிக்கொண்டு எழுந்தாள். நானும் பிளம்பரும் வாசலிலேயே நின்றோம். “இல்லம்மா, குழாய்… நான் ஓனர் தான்…” என்று என்னவோ உளறினேன். ஓனர் என்பதுதான் அப்போது என் வாயில் வந்த விளக்கம்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் கணவர் இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. “சார், இனிமே வரதுக்கு முன்னாடி சொல்லிட்டு வாங்க” என்றார். பழுது பார்க்கவோ பார்வையிடவோ வீட்டுக்குள் வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே, காரணத்தோடு, வீட்டுக்காரர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். வாடகைக்கு விட்டபின் சுவர் என்னுடையது, சுவருக்கு உள்ளே இருக்கும் வாழ்க்கை அவர்களுடையது. பதின்மூன்று வருடம் குடித்தனம் இருந்து அத்தனை வீட்டுக்காரர்களையும் குறை சொன்ன எனக்கு, ஓனர் ஆன இரண்டு வருடத்தில் அது மறந்து போயிற்று. மாற்றுச் சாவியை மறுநாளே அவரிடம் கொடுத்துவிட்டேன்.

அவர்களுக்கு அடுத்து வந்த நாலு பையன்களிடம் நேர்மாறாகப் பட்டேன். முதல் மாதம் வாடகை சரியாக வந்தது. இரண்டாம் மாதம், “அங்கிள், வீட்லருந்து பணம் வரல.” மூன்றாம் மாதமும் அதே. கேட்கப் போனால் டீ போட்டுக் கொடுத்து, கிரிக்கெட் பேசி அனுப்பிவிடுவார்கள். எனக்கும் கேட்கக் கூச்சம், படிக்கிற பிள்ளைகள். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்யக் கேட்டு வாடகை நீதிமன்றம் போகலாம். பூட்டை மாற்றுவதோ சாமானைத் தூக்கி வெளியே வைப்பதோ கூடாது. நான் இரண்டையும் செய்யவில்லை. அந்த நாலு பேரில் ஒருவனுடைய அம்மாவுக்குப் போன் செய்தேன். மறுநாள் மதியத்துக்குள் இரண்டு மாத வாடகையும் வந்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்தப் பிரிவுக்கு எவ்வளவு பலம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அவர்கள் போன பிறகு சிங்க் பைப்பைக் கழற்றினால் ஒரு முழத்துக்குக் கெட்டியாக டீத்தூள்.

ஆஸ்பத்திரிப் பக்கம் சிலர் ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, அறை அறையாக நோயாளிகளின் குடும்பங்களுக்குத் தினவாடகைக்கு விடுகிறார்கள். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகை விட்டால் அதுவே காலி செய்யச் சொல்லக் காரணமாகும். அப்போது முதலில் தெருவில் நிற்பது இவரல்ல, இவரை நம்பி வந்த நோயாளிதான். தங்கப் போகும் வீட்டில் பணம் வாங்குகிறவர் ஓனரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. டு-லெட் போர்டைப் பார்த்துப் போன் செய்தால் முதல் கேள்வி, “நீங்க எந்த ஊரு?” இரண்டாவது, “வெஜ்ஜா நான்வெஜ்ஜா?” இந்த ஊரில், ஆம்பூருக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் நின்றுகொண்டு, நான்வெஜ்ஜா என்று கேட்கிறார்கள். கேட்பது பிரியாணியைப் பற்றி இல்லை என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சாதியும் மதமும் பார்த்து வீடு இல்லை என்று சொல்வதற்கு எதிராக இந்த வாடகைச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. என் மாடிக்கு ஆள் பார்த்தபோது என் சொந்தக்காரர் ஒருவரே, “யாருக்கு வுடறதுன்னு பாத்து வுடு” என்றார். எதைப் பார்த்து என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

போன தை மாதம் மாடிக்குப் புதுக் குடித்தனம் வந்தது. அவர் ஆஸ்பத்திரியில் லேப் வேலை, மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், ஒரு கைக்குழந்தை, கூட மாமியார். சொந்த ஊர் சித்தூர்ப் பக்கம். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள், நான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஒவ்வொரு அறையாக நின்று எழுதினேன். கூடத்தில் ஃபேன் ஒன்று, வேகம் நாலில் சத்தம் வரும். படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் கீறல். சமையலறை மேடைக்கு மேலே டைல்ஸ் ஒன்று பெயர்ந்தது. மீட்டர் எண். சாவி மூன்று. அவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம்.

கீழே இறங்கப் போகும்போது மாமியார், இடுப்பில் குழந்தையோடு, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் நின்று சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இங்க ஒரு ஆணி ஓட்ட. இது எங்களுது இல்ல. எழுதிக்கோங்க.”

திரும்பி வந்து, நோட்டை விரித்து எழுதினேன்.